வர்த்தக அமைச்சகத்துக்கு வேடசந்தூரிலிருந்து ஒரு மடல்

மத்திய வர்த்தக அமைச்சகத்தில் அண்டை நாடுகளுடனான வணிகத்தை ஆராயும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையின் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2025-ல் வங்கதேசத்தோடு நம் வர்த்தகம் தடம் மாறியதே, அது எந்தெந்தத் தொழிலை எப்படித் தொட்டது என்று நீங்கள் ஆராய வேண்டும். மொத்த ஏற்றுமதி ஏறியதா இறங்கியதா என்பதோடு அந்த ஆய்வு நின்றுவிடக் கூடாது என்று கேட்கத்தான் இந்த மடல்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்த ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி, வங்கதேசச் சரக்கு நம் துறைமுகங்கள், விமான நிலையங்கள் வழியாக வெளிநாடு போக 2020-ல் கொடுத்திருந்த வசதியை இந்தியா விலக்கிக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் தரைவழியாக வரும் இந்திய நூலை வங்கதேசம் நிறுத்தியது. மே 17-ல், அவர்களுடைய ஆயத்த ஆடைகள் மும்பை பக்கத்து நவசேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்று நம் அரசு அறிவித்தது.

வங்கதேச அரசு மேல் எனக்குக் கோபம் இல்லை. எல்லை தாண்டி மலிவாக வரும் நூலால் தங்களுக்கு விலை கட்டுப்படியாகவில்லை என்று அங்குள்ள நூற்பாலைகள் கேட்டுக்கொண்டே இருந்தன. நம் ஊரில் அப்படி நடந்தால் நாமும் அதைத்தான் கேட்டிருப்போம்.

கடல்வழி திறந்துதானே இருக்கிறது என்று சொல்லலாம். சரிதான், ஆனால் அது எல்லோருக்கும் திறந்த வழி இல்லை. வங்கதேசத்து நாராயண்கஞ்சில் பின்னலாடை செய்யும் சின்ன முதலாளி, 30-ஆம் நம்பர் கோம்டு நூல் கொஞ்சம், 26 கார்டட் நூல் கொஞ்சம் என்று ரகம் ரகமாக ஒரு லாரிக்கு ஆகிற அளவுக்குக் கேட்பார். மேற்கு வங்க எல்லையில் இருக்கும் பெட்ராபோலைத் தாண்டிவிட்டால் சரக்கு சீக்கிரமே அவர் கைக்குப் போய்விடும். கப்பல் என்றால் ஒரு கண்டெய்னர் நிறைய எடுக்க வேண்டும். தூத்துக்குடியில் ஏற்றினால் பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறித்தான் வங்கதேசத்தின் சட்டோகிராம் துறைமுகத்துக்குப் போகும். அத்தனை நாளும் அவர் பணமும் முடங்கும், எங்கள் பணமும் முடங்கும். பெட்ராபோலுக்கு எதிரே வங்கதேசப் பக்கம் இருக்கும் பெனாபோல் என்று வழி குறித்துத் திறந்த எல்.சி.யை, அதாவது பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதத்தை, திருத்த வேண்டும், அதற்கு வங்கிக் கட்டணம் தனி. பெரிய மில்கள் இதையெல்லாம் தாங்கும். சின்ன மில்லும் அந்தச் சின்ன முதலாளியும் ஒருவரை ஒருவர் இழந்துவிடுகிறார்கள். டன் கணக்கு குறையாமலே இது நடக்கலாம். அதனால்தான் மொத்தத் தொகையை மட்டும் பார்க்க வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்று. மே மாத அறிவிப்பைத் திருப்பூரில் பலர் வரவேற்றார்கள். வரியில்லாமல் வந்த வங்கதேச ஆடைகளோடு உள்நாட்டுச் சந்தையில் மோதிக் களைத்தவர்கள் அவர்கள், அந்த நியாயம் எனக்கும் புரிகிறது. ஆனால் திருப்பூரில் ஆர்டர் கூடினால் எங்கள் நூல் கூடுதலாக ஓடுமா, வங்கதேசத்தில் விட்ட விற்பனையை அது ஈடுகட்டுமா? இங்கே ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள். கையில் கணக்கு வைத்துக்கொண்டு சொல்பவர் ஒருவரும் இல்லை.

அந்தக் கணக்குக்கான தரவு உங்களிடமே இருக்கிறது. ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் ஒவ்வொரு ஷிப்பிங் பில்லிலும் ஏற்றுமதியாளர் எண்ணும் சரக்கு வெளியேறும் சுங்க நிலையமும் பதிவாகின்றன. ஏப்ரல் 2025-க்கு முன் பெட்ராபோல் வழியாக நூல் அனுப்பியவர்களில் எத்தனை பேர் அதற்குப் பிறகு கடல்வழியில் தென்படுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பல சின்ன மில்கள் நேரடியாக அனுப்பாமல் வணிக ஏற்றுமதியாளர்களுக்கு விற்கின்றன, அவை உங்கள் கண்ணில் படாது என்று நினைக்க வேண்டாம். 0.1 சதவீத ஜி.எஸ்.டி.யில் அவர்களுக்கு விற்கும் சலுகை 2017 அக்டோபரில் வந்தது. அந்தச் சலுகையில் வாங்கியவர், விற்ற மில்லின் ஜி.எஸ்.டி. எண்ணை ஷிப்பிங் பில்லில் குறிப்பிட்டே ஆக வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் வேடசந்தூர் வரை வந்துவிடலாம்.

இதில் அவசரமும் இருக்கிறது. 2026 நவம்பர் 24-ல் வங்கதேசம் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேற வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 2021-லேயே முடிவு செய்தது. அந்தத் தகுதிக்காக நாம் கொடுக்கும் வரிச்சலுகை அப்புறம் என்ன ஆகும் என்பது ஒரு கேள்வி. ஐரோப்பா இப்போது எந்த நாட்டுத் துணியில் தைத்தாலும் வங்கதேச ஆடைக்கு வரி விதிப்பதில்லை. வழக்கமான சலுகைத் திட்டத்துக்கு மாறினால் துணியையும் அங்கேயே நெய்தோ பின்னியோ ஆக வேண்டும். அப்போது நம் துணிக்கு அடி விழலாம், நூலுக்குத் தேவை கூடலாம். அந்த நேரத்தில் தரைவழி மூடியிருந்தால் அந்த வாய்ப்பு யார் கைக்குப் போகும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட முடியும். அறிவிப்பு வந்தபின் போடுகிற கணக்கு எங்களுக்கு உதவாது.

ஆய்வு முடிந்ததும் அதை மில் அளவு வாரியாகவும் மாவட்ட வாரியாகவும் வெளியிடுங்கள், தமிழிலும் வெளியிடுங்கள். கள ஆய்வுக்கு ஆள் அனுப்பினால் சங்க அலுவலகங்களோடு திரும்பிவிடாமல், பேக்கிங் பிரிவில் நூல் சுற்றிய கோன்களை அடுக்குபவர்களிடமும் லாரி புக்கிங் ஏஜென்ட்டிடமும் பேசச் சொல்லுங்கள். முதலாளிகள் சம்மதித்தால், வங்கதேசத்துக்கு நூல் அனுப்பிய பழைய இன்வாய்ஸ்களையும் எல்.சி. நகல்களையும் எடுத்துக் கொடுக்க இந்தப் பக்கத்து மில்களில் என்னைப் போல் வேலை பார்ப்பவர்களிடம் நானே பேசுகிறேன்.

இப்படிக்கு,
வேடசந்தூரிலிருந்து ஒரு நூற்பாலை ஊழியர்