தண்ணீரில் இல்லை சிக்கல், தகரத்தில்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடைக்காலத்தில் கம்ப்யூட்டர் சூடாவதைப் பற்றி நீங்கள் போட்ட கட்டுரையில், வாட்டர் கூலிங், அதாவது பிராசசரின் சூட்டைத் தண்ணீரால் வெளியேற்றும் ஏற்பாடு, வேண்டுமானால் பெரிய கேபினட்தான் (கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டி) வாங்க வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரரும் எனக்கு இதையேதான் சொன்னார், அவருக்குப் பெரிய கேபினட் விற்றாக வேண்டும், உங்களுக்கு என்ன வந்தது?

அல்சூரில் ஒற்றை அறை வீடு எங்களுடையது. அம்மாவின் தையல் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கிடைக்கிற இடம்தான் என் கம்ப்யூட்டருக்கு, அதனால் மினி ஐடிஎக்ஸ் என்கிற சின்ன மதர்போர்டு, அதாவது 17 செ.மீ. சதுரம், அதற்கேற்ற பழைய சின்ன கேபினட். பம்ப், டியூப், தண்ணீரின் சூட்டை ஆற்றும் ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து, கம்பெனியிலேயே தண்ணீர் நிரப்பி அடைத்து வரும் 240 செட் ஒன்று வாங்கினேன். 240 மி.மீ. என்பது இரண்டு 12 செ.மீ. ஃபேன்களின் கணக்குதான், இரு முனையையும் சேர்த்தால் ரேடியேட்டர் கிட்டத்தட்ட 28 செ.மீ. வருகிறது, தடிமன் ஃபேனோடு 52 மி.மீ. மேலே 3 செ.மீ.கூட இடமில்லை. மிச்சம் இருந்தது முன்பக்கம்தான், அங்கே ஹார்ட் டிஸ்க் வைக்கிற கூடு ஒன்றும் வெறும் தகரமும்.

ஸ்ரீராமபுரத்தில் பீரோ ரிப்பேர் பார்க்கும் வேலூர்ப் பெரியவரிடம் அளவு எழுதிய தாளோடு போனேன். "பேப்பர விடு தம்பி, சாமானக் கொண்டா" என்றார். கொண்டுபோன பிறகுதான் தெரிந்தது, ரப்பர் டியூப் வளைவதற்கு நான் இடமே விடவில்லை. கூட்டின் ரிவெட்டுகளை டிரில்லால் எடுத்தார், கிரைண்டரைத் தொடவே இல்லை, பொறி பட்டால் பெயின்ட் கருகிவிடுமாம். தகரத்தில் ஃபேனுக்கு வரைந்த வட்டத்தைச் சுற்றி நெருக்கமாகத் துளை போட்டு, உடைத்து, அரத்தால் ராவினார். ஃபேனின் ஒரு ஸ்க்ரூ துளைக்கும் அடுத்ததற்கும் நடுவில் 105 மி.மீ., அது மட்டும் பிசகக்கூடாது.

போர்டைக் கழற்றிய நான் பவர் சப்ளையைக் கழற்றாமல் விட்டது முட்டாள்தனம். உள்ளே போன இரும்புத்தூளை எடுக்க ஒரு ராத்திரி போனது.

அப்புறம் ஒன்று, ரேடியேட்டரின் மேல்முனை பம்ப்பைவிட உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற கொஞ்சம் காற்று பம்ப்பில் போய் உட்கார்ந்து களகளவென்று சத்தம் போடும்.

பெங்களூர் குளிருக்கு இதெல்லாம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வெளியே எவ்வளவு குளிர் இருந்தாலும் சூடு முதலில் பெட்டியை விட்டு வெளியே போக வேண்டுமே! பிராசசர் இப்போது நன்றாகவே அடங்கியிருக்கிறது. ஆனால் ரேடியேட்டர் வழியாக வரும் வெதுவெதுப்பான காற்று நேராக கிராபிக்ஸ் கார்டு மேல் அடிப்பதால் அது முன்னைவிடக் கொஞ்சம் சூடு, அதையும் மறைக்கவில்லை.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது பட்டறைக்காரர் ஒருவரையும் கேட்டு எழுதுங்கள். எனக்குக் கூலி 400 ரூபாய் ஆனது. வெட்டியெடுத்த வட்டங்களில் ஒன்றைப் பெரியவர் பெயின்ட் டப்பாவுக்கு மூடியாக வைத்துக்கொண்டார், அதற்காகக் கூலியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகன், அல்சூர், பெங்களூரு