வியாழக்கிழமை ஸ்கேனுக்கு முன்

அடியே ரேவதி,

உன் குரல் செய்திகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். கடைசி இரண்டில் வெறும் திட்டு, அதையும் முழுசாகக் கேட்டேன். பதிலைத் தட்டச்சு செய்து அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. குரலில் அனுப்பினால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தோசை சுடுவாய், உன் மாமியார் காது கொடுப்பார், சாயங்காலத்துக்குள் ஆர்.எஸ்.புரம் முழுக்கச் செய்தி போய்விடும். இதை நீ மட்டும் படி.

உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது கேட்டு நிம்மதி. சின்னவன் இன்னும் பள்ளியில் யாரையாவது கடிக்கிறானா? பெரிய ஜெயந்தி மறுபடியும் எண்ணை மாற்றிவிட்டாள், இந்த முறை நான் தேடப்போவதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். இல்லை, உடனே வர முடியவில்லை. முதலில் வீட்டுக் கதை.

வயிற்றில் இரட்டைக்கு 33 வாரம் முடிந்துவிட்டது. மல்லாந்து படுத்தால் தலை சுற்றுகிறது, இடது பக்கம் மட்டும்தான். மோதிரத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாயிற்று. காலில் பிரகாஷின் சிலிப்பர்தான் ஏறுகிறது. இரும்புச்சத்து மாத்திரை செய்யும் வேலையை எழுதமாட்டேன், உனக்கே தெரியும். பரோட்டா வாசம் வந்தாலே நெஞ்சு எரிகிறது. இருக்கிற சோகங்களில் இதுதான் பெரியது.

பையன் ஒன்று, பெண் ஒன்று என்று ஏற்கெனவே சொன்னேன். உங்கள் ஊரில் 1994 சட்டத்துக்குப் பயந்து ஸ்கேன் அறையில் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். இங்கே சிங்கப்பூரில் நாங்கள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் “ரெண்டும் அச்சா ஒரே மாதிரி இருக்குமா?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரகாஷின் மேலதிகாரி கேட்டார். நன்றாகப் படித்தவர்.

எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி என்னைப் பார்த்தால் இரண்டு கட்டைவிரலையும் தூக்குகிறார். அவர்கள் வழக்கில் ஆணும் பெண்ணுமாகப் பிறக்கும் இரட்டையர் டிராகனும் ஃபீனிக்ஸும், பெரிய யோகமாம். இதே ஆன்ட்டிதான், பிரகாஷ் சுவரில் அலமாரி மாட்ட டிரில்லை எடுத்த சத்தம் கேட்டு ஓடி வந்தார். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது, துளை போடக்கூடாது, கட்டிலைக்கூட நகர்த்தக்கூடாதாம். அம்மா உடனே அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டாள். பிறப்பதற்கு முன் ஒரு சாமான்கூட வாங்கக்கூடாது என்பது அம்மா சட்டம். இரண்டு பேரும் வாசலில் நின்று பாதி மலாய், பாதி சைகை என்று பிரகாஷை விசாரித்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். இவன் டிரில்லோடு கூடத்தில் நின்றான். கடைசியில் அலமாரி, இரண்டு கட்டில், எல்லாம் பெட்டி பிரிக்காமல் பாம் ஷெல்டருக்குள் போய்விட்டன. குண்டு விழுந்தால் நாம் ஒளிந்துகொள்ளத்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அந்த அறையைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. எங்கள் வீட்டில் கட்டில்கள் தப்பிக்கும், நாங்கள் வெளியே.

எனக்குச் சாத்திரத்தோடு சண்டையில்லை. ஆனால் இரட்டைக் கர்ப்பத்தில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆகிவிடுகிறது. நல்ல நாள் பார்த்துக் கட்டிலைப் பூட்டும்வரை இவர்கள் பொறுத்திருக்க மாட்டார்கள். அம்மாவோ கட்டிலே வேண்டாம், ஸ்பிரிங் ஏணை போதும் என்கிறாள். தாதி கெட்டியான மெத்தையில் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்கிறார். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

தள்ளுவண்டி தனிக் கூத்து. பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வகை ஒன்று, முன்னும் பின்னுமாக உட்காரும் வகை ஒன்று. பிரகாஷ் அளவுநாடாவோடு இறங்கி மின்தூக்கிக் கதவு, வாசல் கிரில், எம்ஆர்டி ரயில் நிலையத்து அகலமான கதவு எல்லாவற்றையும் அளந்து கைப்பேசியில் அட்டவணை வைத்திருக்கிறான். 2017இலிருந்து பேருந்தில் தள்ளுவண்டியை மடிக்காமலே ஏற்றலாம் தெரியுமா என்றான். காலை ஏழரை மணிப் பேருந்தில் இரட்டை வண்டியோடு ஏறிக் காட்டட்டும், மாலை போடுகிறேன்.

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். குழந்தை போனஸ் ஆளுக்கு 11,000 வெள்ளி, ஆறரை வயது வரை தவணை தவணையாக வரும். நல்ல தொகைதான். ஆனால் மகப்பேற்று விடுப்பு ஒரு பிள்ளைக்கும் 16 வாரம், இரண்டுக்கும் அதே 16 வாரம். பிரகாஷுக்கு 4 வாரம். இருவரும் பங்குபோட்டுக்கொள்ளும் விடுப்பு 2026 ஏப்ரலிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்கு 10 வாரமாகியிருக்கிறது, அதுதான் எங்களைக் காப்பாற்றப்போகிறது. போன வாரம் ஒரு டாக்சி அங்கிள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, 2023இல் நாட்டின் கருவள விகிதம் 0.97க்கு விழுந்த கதையை வழி முழுக்கச் சொன்னார். இறங்கும்போது “நீ ரெண்டு ஆள் வேலைய ஒரே தடவையில செஞ்சிட்ட” என்று சில்லறையை வாங்காமல் போய்விட்டார். இதுவரை கிடைத்ததில் மனசுக்கு நிறைந்த போனஸ் அதுதான்.

இப்போது விஷயம்.

கருப்பை வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற குழந்தையை ஏ என்றும் மற்றதை பி என்றும் எழுதுவார்கள். ஏ பையன், தலைகீழாகத் திரும்பித் தயாராக இருக்கிறான். பி பெண், என் வலது விலாவுக்குக் கீழே குறுக்கே கிடக்கிறாள். போன ஸ்கேனில் அவன் 2,100 கிராம், அவள் 1,700. முன்பெல்லாம் வித்தியாசம் இவ்வளவு இல்லை. இப்போது 19 விழுக்காடு. 20, 25 என்று போனால் டாக்டர்களின் முகம் மாறுகிறது. ஸ்கேன் எடைக் கணக்கு 10, 15 விழுக்காடு முன்னே பின்னே இருக்கும் என்றும் அதே டாக்டர்தான் சொன்னார். ஆக, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இதை வைத்துக்கொண்டு நான் தூங்க வேண்டும்.

நல்ல செய்தி, இருவருக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி, தனித்தனிப் பனிக்குடம். ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குப் போகிற சிக்கல் இல்லை. “அண்ணன்காரன் தங்கச்சி சாப்பாட்டையும் சேத்துத் தின்னுட்டானா?” என்று அத்தை கேட்டார். அப்படியில்லை. அவளுடைய நஞ்சுக்கொடி அவளுக்குப் போதுமான அளவு கொடுக்கவில்லையோ என்பதுதான் சந்தேகம். அல்லது அவள் வாகே சிறியதாக இருக்கலாம். தொப்புள்கொடியில் ரத்தம் தடையில்லாமல் ஓடுகிறதா என்று டாப்ளரில் பார்க்கிறார்கள். இதுவரை ஓடுகிறது. வியாழக்கிழமை மறுபடியும் பார்ப்பார்கள். ஓட்டம் குறைந்திருந்தால் நுரையீரலுக்கான ஊசியைப் போட்டுவிட்டு எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

இங்கேதான் எனக்குச் சிக்கிக்கொண்டது, ரேவதி. எடுத்துவிடலாம் என்றால் இரண்டு பேரையும். அவளுக்கு உள்ளே சாப்பாடு போதவில்லை என்றால் வெளியே வருவதுதான் நல்லது. அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அவன் மட்டும் இருந்திருந்தால் இந்த நேரத்தில் யாரும் கிட்டேயே போகமாட்டார்கள், சுகமாக வளரட்டும் என்று விட்டுவிடுவார்கள். பிரகாஷ் அப்பாவியாக, “அவள மட்டும் முதல்ல எடுக்க முடியாதா?” என்று கேட்டான். டாக்டர் சிரிக்கவில்லை, நல்ல மனுஷி. “இந்த நிலையில அப்படிச் செய்றதில்ல” என்றார்.

எனக்கு இரண்டு பிள்ளைகள், அவர்களுக்கு வேண்டியது இரண்டு தேதி. பெற்று முகம்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் ஒருத்திக்காக ஒருவனிடம் எதையோ பிடுங்கிக் கொடுக்க வேண்டும், அல்லது அவனுக்காக அவளைப் பட்டினி போட்டுக் காத்திருக்க வேண்டும். முடிவெடுப்பது டாக்டர்தான், தெரியும். ஆனால் கையெழுத்துப் போடுவது நான். எல்லாரும் எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். யாருக்காக என்று யாரும் கேட்பதில்லை.

வளைகாப்பில் செல்லம் பெரியம்மா கேட்டார், ஒரு விதத்தில். எடை விஷயம் அப்போதே லேசாகத் தெரிந்திருந்தது. வளையலைப் போட்டுக்கொண்டே, “பொம்பளப் புள்ளதானே, சின்னதா இருந்தா என்ன. பையன் நல்லா வளந்திருக்கான்ல, அதுல மனச வை” என்றார். கையை இழுத்துக்கொண்டேன். ஒரு வளையல் உடைந்தது, உடனே நாலு பேர் அபசகுனம் என்று ஆரம்பித்தார்கள். அப்போது அம்மா பேசினாள். பெரியம்மாவை எதிர்த்து அம்மா பேசி நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. “நானும் நாலு பவுண்டுதான் அக்கா. இதே கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரில பொறந்து, இந்தா, உங்க முன்னாடி நிக்கிறேன்” என்றாள்.

அம்மா பிறந்தது 1966. அந்த வருஷம் அந்த ஒரே மருத்துவமனையில் 39 ஆயிரத்துக்கும் மேல் குழந்தைகள் பிறந்து கின்னஸில் ஏறிவிட்டது. ஒரு நாளைக்கு நூறுக்கும் மேல்! அந்தக் கூட்டத்தில் நாலு பவுண்டுப் பிள்ளை ஒன்றை யார் பெரிதாகக் கவனித்திருப்பார்கள்? பாட்டி துணியில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டே வீட்டு வேலையெல்லாம் செய்தாளாம். இத்தனை வருஷத்தில் அம்மா இதை என்னிடம் சொன்னதே இல்லை. எடைக் கணக்குப் போடாத காலம் நிம்மதி என்று சொல்ல வரவில்லை. பாட்டி மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவள், அந்த நிம்மதி எனக்கு வேண்டாம். இந்த டாப்ளரும் இந்தத் தூக்கமின்மையும் இருக்கட்டும்.

இன்னொன்று கேள். தாதி ஒருத்தி, நம் ஊர்ப் பெண்தான், ஆறுதலாக ஒன்று சொன்னாள். குறைமாதத்தில் பிறந்தால் பெண் குழந்தைகள் பொதுவாகப் பையன்களைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்குமாம். நுரையீரல் அவர்களுக்குக் கொஞ்சம் முன்பே பக்குவமாகிவிடும். அவள் சொன்ன நேரம் எனக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. அப்படியென்றால் சீக்கிரம் வந்தால் சிரமப்படப்போவது அவன்! 2,100 கிராம் என்று எல்லாரும் கொண்டாடுகிற அவன். அன்றிலிருந்து என் கவலை இடம் மாறி மாறி உட்காருகிறது. ராத்திரி அசைவு எண்ணும்போது அவள் உதைத்தால் நிம்மதி, உடனே அவன் ஏன் சும்மா இருக்கிறான் என்று கலக்கம். அவன் தூங்குகிறான், அவ்வளவுதான். பிரகாஷ் பக்கத்தில் குறட்டை விடுகிறான். அவனுடைய அசைவை மட்டும் எண்ணத் தேவையில்லை.

உன்னிடம் ஏன் இவ்வளவும் எழுதுகிறேன் என்றால், உன் பெரியவள் 32 வாரத்தில் வந்தவள். அப்போது நீ எனக்குப் படம் மட்டும் அனுப்பினாய், குழாயெல்லாம் கழற்றிய பிறகு எடுத்த படம். நானும் அழகாக இருக்கிறாள் என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டேன். இப்போது கேட்கிறேன். அவளை அங்கே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனாயே, அந்த முதல் ராத்திரி என்ன செய்தாய்? பால் எப்படி எடுத்தாய்? பெட்டிக்குள் கை விட்டுத் தொட விட்டார்களா, எத்தனை நாள் கழித்து? பீட்டி ரோட்டுத் தமிழ் வகுப்பில் பாண்டியன் சார் முன்னால் அழாமல் நின்றவள் நீ, அன்றைக்கு அழுதாயா? எனக்கு அழகுபடுத்தாமல் எழுது. ஒருவேளை ஒருத்தி என்னோடு வீட்டுக்கு வந்து ஒருவன் அங்கேயே தங்கவேண்டி வந்தால், அல்லது மாறி நடந்தால், நான் பாதிப் பேரை எங்கே வைத்துக்கொண்டு எங்கே உட்காருவது என்று யோசிக்க வேண்டும்.

பத்தியச் சாமான் ஒன்றும் அனுப்பாதே. அம்மா தேக்காவில் மீன்காரரிடம் பால் சுறாவுக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டாள். சாமான் வாங்கக்கூடாது என்ற சட்டம் சுறாவுக்குப் பொருந்தாது போலிருக்கிறது. பூண்டு ஒரு கூடை வந்து இறங்கிவிட்டது. வயிறு பிடித்துவிட மலாய் மாமி ஒருத்தரையும் பேசியாகிவிட்டது, அவர் தேதி கேட்கிறார், நான் என்னத்தைச் சொல்ல.

உன் பிள்ளைகளுக்குக் கட்டின பழைய வேட்டித் துணி மிச்சம் இருந்தால் மட்டும், உன் தம்பி அடுத்த மாதம் வரும்போது கொடுத்தனுப்பு. புதுத்துணி வேண்டாம்.

பெயர் இன்னும் முடிவாகவில்லை. பிறந்து 42 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், அதுவும் இப்போது கைப்பேசியிலேயே முடிந்துவிடுகிறது, ஆகையால் பிரகாஷ் அவசரமே படமாட்டான். மாமனார் நளன், நளினி என்கிறார். சித்தப்பா லவன், லவண்யா என்கிறார். இரண்டு பேரையும் ஒரே ரப்பர் முத்திரையில் குத்துகிற மாதிரிப் பெயர் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. பெண்ணுக்கு ரேவதி என்று மட்டும் சொல்லாதே, எனக்கு ஒரு ரேவதியே தாங்கவில்லை.

உன்,
வாணி