கூரையை வெட்டினால் ரோட்ஸ்டர் ஆகாது

ஆசிரியருக்கு,

உங்கள் வாகனப் பக்கத்தில் பழைய அமெரிக்க ஹொட் ரொட் ரோட்ஸ்டர் (வேகத்துக்காக மாற்றிக் கட்டிய, கூரையில்லாத கார்) ஒன்றின் படம் வந்ததிலிருந்து மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துக் கராஜ்களில் ஒரே கேள்விதான்: "மொரிஸ் மைனரின் கூரையை வெட்டி இப்படி ஆக்கித் தருவீங்களா?" கூடாது என்பதே எங்கள் பதில். காரணத்தையும், ஆசை விடாதவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்பதையும் எழுதுகிறோம்.

படத்தில் இருந்தது கலிபோர்னியாவின் மண் ஓட்டப் பாதைகளில், இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் ஓடிய கார்களின் பாணி. மொடல் டி போர்டின் கடைசி ஆண்டான 1927இன் பொடி (காரின் மேல்கூடு), அல்லது 1928, 29 மொடல் ஏ பொடி. மொடல் டி மட்டும் ஒன்றரைக் கோடி உற்பத்தியானதால் பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைத்தது. மட்கார்டும் லைட்டும் பாரம் என்று கழற்றினார்கள். இண்டியானாபொலிஸ் பந்தயக் கார்களைப் பார்த்து, ரேடியேட்டருக்கு முன்னால் உருண்டையான அலுமினிய மூக்கு வைத்தார்கள். உள்ளே 200 கன அங்குல, 40 குதிரைவலு மொடல் ஏ எஞ்சின், அல்லது 1932இல் வந்த 221 கன அங்குல, 65 குதிரைவலு வி8. முக்கியமான விஷயம், பாரத்தை எல்லாம் தாங்கியது தனிச் செசி, அதாவது கீழே ஓடும் இரும்புச் சட்டம். பொடி அதன்மேல் போல்டில் நிற்கும் தகரம் மட்டுமே.

மொரிஸ் மைனருக்குத் தனிச் செசி கிடையாது. தளம், சில் பெட்டி (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டி), கதவுத் தூண், கூரை எல்லாம் ஒன்றாக ஒட்டிய கூடு. தொழிற்சாலையிலேயே வந்த திறந்த மைனருக்கு டாஷின் கீழும் கதவுத் தூணிலும் மேலதிகத் தகடுகள் கொடுத்திருந்தார்கள். மூடிய காரில் அவை இல்லை. கூரையை வெட்டியதும் நடுப்பகுதி தொய்யும். கதவு இடைவெளி மேலே ஒடுங்கும். நாலு பேர் ஏறினால் கதவு திறக்காது. உப்புக் காற்றில் சில் பெட்டி ஏற்கனவே அரித்திருந்தால், வேகத்தில் பள்ளத்தில் விழும்போது மடியவும் கூடும். சந்தேகமிருப்பவர்கள் வெட்டுமுன் ஒரு பக்கச் சக்கரத்தின் அருகே ஜாக் வைத்து உயர்த்தி, கதவு இடைவெளியை அளந்து பார்க்கட்டும். கூரையோடே அது மாறினால், கூரையில்லாமல் என்னவாகும்?

தனிச் செசியுள்ளவை வேறு: ஒஸ்டின் ஏ40 டெவன், சமர்செட், 1955க்கு முந்திய ஸ்டாண்டர்ட் வான்கார்ட், டிரையம்ப் ஹெரால்ட், பழைய வில்லிஸ் ஜீப். எங்கள் தெரிவு 1953 வரை வந்த போர்ட் பிரிபெக்ட். அதற்கு முன்னும் பின்னும் குறுக்கு வில்லுத்தகடு, முன்பக்கம் ஒரே இரும்பு அச்சு. அமைப்பில் மொடல் டி, மொடல் ஏ வகையறாவேதான். எஞ்சின் 1172 சீசீ, வால்வு பக்கவாட்டில். ஆனால் முழுமையாக இருக்கும் பிரிபெக்டை இதற்காக வெட்டுவது பாவம். பொடி உக்கி, செசி மட்டும் மிஞ்சியதைத் தேடுங்கள்.

செசி திறந்த சி வடிவம். திறந்த பக்கத்தை 3 மில்லிமீற்றர் தகட்டால் மூட வேண்டும். ஒரே இழுப்பில் வெல்டிங்கால் ஒட்டினால் வாழைக்காய்போல் வளையும். தட்டையான மேசையில் கிளாம்ப் போட்டு, 50 மில்லிமீற்றர் ஒட்டி, எதிர்ப்பக்கம் 50 ஒட்டி, ஆறவிட்டுப் போங்கள். மூலைக்கு மூலை இரு குறுக்களவும் 3 மில்லிமீற்றருக்கு மேல் வேறுபட்டால் மேலே வேலை செய்ய வேண்டாம். பிறகு எந்த அலைன்மென்டும் அதைத் திருத்தாது. செசி இலக்கம் அடித்த இடத்தைக் கிரைண்டர் தொடவே கூடாது.

முன் அச்சைத் தாழ்த்தவென்று நெருப்பில் வாட்டி வளைக்கும் வழக்கம் உண்டு. அச்சை வளைப்பதே அனுபவமும் கருவியும் உள்ளவர் வேலை. ஸ்டீயரிங் கையை வாட்டவோ அதில் ஒட்டவோ கூடவே கூடாது. உடைந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். அச்சைப் பின்னோக்கிப் பிடிக்கும் முக்கோணக் கம்பி நடுவில் ஒரு குண்டு மூட்டில் முடிகிறது. அதைப் பிளந்து இரு பக்கச் செசியில் பூட்டினால், ஒரு சில்லு மேடேறும்போது அச்சு முறுகும். ஐ வடிவ அச்சு அதைப் பொறுக்கும். குழாய் அச்சு முறுகாது. அதன் பிராக்கெட்டுகள்தான் வெடிக்கும். காஸ்டர் (சில்லு திரும்பும் அச்சின் பின்சாய்வு) 5 முதல் 7 பாகை, டோ-இன் (முன் சில்லுகள் முன்புறம் உள்நோக்கி ஒடுங்குவது) 2 மில்லிமீற்றரளவில். ஸ்டீயரிங் கம்பி குறுக்காக ஓடினால் அச்சைப் பக்கவாட்டில் அசையாமல் செசியோடு பிடிக்கும் பான்ஹார்ட் கம்பி ஒன்றும் வேண்டும். இல்லாவிட்டால் வில்லுத்தகடு தொங்கும் ஷக்கிளில் அச்சு பக்கவாட்டில் ஆட, ஸ்டீயரிங் தன்பாட்டில் திரும்பும்.

பெரும்பாலானவர்கள் தோற்பது ரேடியேட்டரில். பிரிபெக்டில் தண்ணீர் பம்ப் இல்லாமல், சூடான நீர் தானே மேலேறுவதால் சுற்றும். மூக்கு பதிவாக இருக்க வேண்டுமென்று ரேடியேட்டரைக் கீழிறக்கினால் மேல் தொட்டி சிலிண்டர் ஹெட்டைவிடத் தாழ்ந்து, சுற்றோட்டம் நின்றுவிடும். கீழிறக்கத்தான் வேண்டுமென்றால் பம்ப் பூட்டி, எஞ்சினின் மிக உயர்ந்த இடத்துக்கு மேல் சிறு தனித் தொட்டி வையுங்கள். மூடி அந்தத் தொட்டியில்தான் இருக்க வேண்டும். பந்தயக் காருக்கு வேகமே காற்றைத் தந்தது. காத்தான்குடிக் கடைத்தெருவில் ஊர்ந்து போகும் காருக்கு அது கிடையாது. ஆகவே விசிறியும் அதைச் சுற்றிய கூடும் கட்டாயம். மூக்குக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள பக்க ஓட்டைகளைத் தகடும் றப்பரும் வைத்து அடையுங்கள். காற்று எப்போதும் சுலபமான வழியால்தான் போகும். பொனட் பக்கத்தில் வெட்டும் காற்றுத் துளைகளை அழகுக்கென்று நினைக்கிறார்கள். உள்ளே வந்த சூடு வெளியேறும் வழி அது. பழைய வி8தான் வேண்டும் என்பவர்களுக்கு: அதன் புகைவழி தண்ணீர்க் கூட்டின் ஊடாகவே போகிறது. கலிபோர்னியாவிலேயே கொதித்த எஞ்சின் அது.

மூக்குக்கு 1.6 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு போதும். முதலில் 6 மில்லிமீற்றர் கம்பியால் வடிவத்தைக் கட்டுங்கள். மேலுக்கு ஒன்று, பக்கத்துக்கு இரண்டு என மூன்று துண்டாக, மணல் நிரப்பிய தோல் பையில் மரச் சுத்தியலால் தட்டுவது. தட்டத் தட்டத் தகடு இறுகி விளிம்பில் வெடிக்கும். சவர்க்காரம் தேய்த்து, அது கறுக்கும்வரை சூடாக்கி ஆறவிட்டால் மறுபடி இளகும். அலுமினியம் சிவக்காமலே உருகும், சவர்க்காரம்தான் வெப்பமானி. காஸ் ஒட்டுக்குப் பிறகு பிளக்ஸை (ஒட்டும்போது பூசும் இரசாயனப் பசையை) சுடுநீரில் முழுதாகக் கழுவாவிட்டால் ஒட்டு அரித்துப் போகும்.

உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதற்குக் கல்லடியில் 1924இல் திறந்த பாலமே சாட்சி. இரும்பும் அலுமினியமும் நேராகத் தொடும் இடத்தில் அலுமினியம் முதலில் மாவாகும். இடையில் றப்பர்ப் பட்டியும், இரு பக்கமும் பிரைமரும் வையுங்கள். மூக்கைக் கால் சுற்றில் கழலும் ஆணியில் பூட்டினால் கழற்றிக் கழுவலாம்.

பிரேக்கில் பழைய பாணி வேண்டாம். மண் பாதையில் முன் பிரேக் இல்லாமலே ஓடினார்கள், அது பந்தயம். இங்கு நாலு சில்லுக்கும் ஹைட்ரோலிக் வேண்டும், பெடல் விகிதம் ஆறுக்கு ஒன்று. மாஸ்டர் சிலிண்டர் (பெடல் தள்ளும் எண்ணெய்ச் சிலிண்டர்) தளத்துக்குக் கீழே இருந்தால் எண்ணெய் திரும்பி ஓடி, முதல் மிதி வெறுமையாகப் போகும். லைனில் சிறு அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வைச் சேருங்கள்: டிரம் பிரேக்குக்கு 10 பீஎஸ்ஐ, டிஸ்க் பிரேக்குக்கு 2 பீஎஸ்ஐ. குழாய்க்கு வெறும் செம்பு கூடாது, அதிர்வில் வெடிக்கும். செம்பு-நிக்கல் கலவைக் குழாய் துருவும் பிடிக்காது.

தோற்றமோ எஞ்சினோ மாறினால் பதிவுச் சான்றிதழோடு வாகனம் ஒத்துப்போகாது. வெட்டுக் கருவியை எடுக்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். முடித்துவிட்டுப் போனால் வீட்டு முற்றத்தில்தான் நிற்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்: இனி இப்படியான படம் போடும்போது அது எந்தச் செசி மேல் நிற்கிறது, எந்த எஞ்சின் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கேட்டு வருகிறவர்களுக்கு அதைக் காட்டியே பதில் சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
பழைய வாகனத் திருத்துநர்கள் சிலர்,
மட்டக்களப்பு.