ஈடு கட்டுவதாக இருந்தால் அதே வடிகாலில் கட்டுங்கள்

தமிழ்நாடு மாநில ஈரநில ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சாலைக்கோ மனைப்பிரிவுக்கோ ஓர் ஈரநிலத்தைத் தூர்ப்பவர், வேறோர் இடத்தில் ஈரநிலத்தை மீட்டவரிடம், அந்த மீட்புக்காக அவருக்குக் கிடைக்கும் கிரெடிட்டை (விற்கத்தக்க மதிப்புப் புள்ளியை) வாங்கி இழப்பை ஈடுகட்டும் ஏற்பாடு அமெரிக்காவில் பல்லாண்டுகளாக நடந்துவருகிறது. ஒன்றிய அரசு 2023இல் வெளியிட்ட பசுமை கிரெடிட் விதிகளில் அலையாத்திக் காட்டு மீட்பும் இடம்பெற்றிருப்பதால், அந்த ஏற்பாடு டெல்டாவுக்கு வரும்முன் சிலவற்றைச் சொல்லிவைக்க விரும்புகிறோம்.

முத்துப்பேட்டையில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, உப்பேறிய தரைக்குள் கடல் ஓதத்தைப் பாயவிட்டு அலையாத்தியை மீட்டது நல்ல வேலை. 2018இல் கஜா புயல் அந்தக் காட்டை என்ன செய்தது என்று பார்த்தவர்கள் யாரும் அதைக் குறைத்துப் பேசமாட்டார்கள். ஆனால், மன்னார்குடிப் பக்கம் கோரையும் நாணலும் மண்டிய ஒரு தாழ்வுநிலத்தை மண்ணடித்து மேடாக்கினால், ஐப்பசி மழையில் அங்கே தேங்கவேண்டிய நீர் பக்கத்து வயலில்தான் ஏறும். முத்துப்பேட்டையில் எத்தனை கன்று நட்டாலும் அந்தச் சம்பாப் பயிர் அழுகுவது நிற்காது. தூர்க்கக்கூட வேண்டாம், சாலைக்கு அடியில் பதிக்கும் குழாய், வாய்க்காலின் தரையைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தாலே போதும், நீர் வடியாமல் தேங்கிவிடும். ஆகவே, இழப்பு எந்த வடிகாலிலோ ஈடும் அந்த வடிகாலிலேயே இருக்கவேண்டும். அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டு விதியும் நீர்ப்பிடிப்புப் பகுதியை அடிப்படையாகக் கொண்டதுதான். அதற்கு முன், 2001இல், அந்நாட்டுத் தேசிய ஆய்வுக் கழகம் ஈடுகட்டும் திட்டங்கள் இழப்பைச் சரிசெய்யவில்லை என்றே முடிவுக்கு வந்திருந்தது.

இதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளின் வரையறை நெல்வயல், ஆற்றுப்போக்கு, பாசனத்துக்கென அமைத்த நீர்நிலை ஆகியவற்றை விலக்கிவிடுகிறது. டெல்டாவில் அவற்றை விலக்கினால் மிச்சம் என்ன? வடுவூர் ஏரி பாசன ஏரிதான். 2022இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் ராம்சார் தகுதியும் பெற்றது. அந்தப் பெயர் கிடைக்காத எங்கள் ஏரி, குளங்கள் தூர்க்கப்பட்டால் அது இழப்பாகவே கணக்கில் ஏறாது. ஏறாத இழப்புக்கு எவர் கிரெடிட் வாங்கப்போகிறார்?

எனவே, எந்தக் கிரெடிட் திட்டத்துக்கும் இசைவு தருமுன் டெல்டாவின் ஏரி, குளம், வடிகால் புறம்போக்குகளைக் கிராமவாரியாக அளந்து பட்டியலிட்டு, ஊராட்சி அலுவலகங்களில் மக்கள் பார்வைக்கு வையுங்கள். மீட்ட நிலம் இரண்டு வடகிழக்குப் பருவமழையிலாவது நீரைத் தாங்கி வடித்துக் காட்டிய பிறகே அதன் கிரெடிட்டை விற்க அனுமதியுங்கள். அதுவரை தூர்ப்பதற்கு அனுமதி தரவேண்டாம்.

இப்படிக்கு,
கடைமடைப் பாசனதாரர்கள்