அந்த நாடகப் பயிற்சிக்குப் போய்விட்டு வா

அன்புள்ள நித்யா,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது.

"இவ்வளவு படிச்சது, ஒருத்தர் கையை ஆட்டினா நானும் கண்ணாடி மாதிரி ஆட்டவா?" என்று உங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்கு வைக்கிற நாடகப் பயிற்சியைப் பற்றிப் போனில் சலித்துக்கொண்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். எழுதி வைத்த வசனம் இல்லாமல், அப்போதைக்குத் தோன்றியதைப் பேசி ஆடுகிற விளையாட்டுகள்தானே அவை. போனில் சொன்னால் வாதாடுவாய்.

நீ இருக்கிற சிகாகோதான் அந்த விளையாட்டுகளுக்குப் பிறந்த வீடு. 1930களில் வயோலா ஸ்போலின் என்ற அம்மையார், குடியேறி வந்தவர்களின் பிள்ளைகளோடு வேலை செய்தபோது உருவாக்கியவை. பாஷை புரியாத பிள்ளையும் சேர்ந்து ஆட வேண்டும் அல்லவா? அவர் மகன் பால் சில்ஸ் 1959-ல் நண்பர்களோடு, இந்த மாதிரி நாடகத்துக்குப் பேர்போன 'செகண்ட் சிட்டி' அரங்கைத் தொடங்கினார். உங்கள் ஊர் நார்த்வெஸ்டர்ன் மருத்துவக் கல்லூரியிலேயே கேட்டி வாட்சன் என்ற பேராசிரியை 2002-லிருந்து இதை மாணவர்களுக்கு வகுப்பாக நடத்தியிருக்கிறார்.

பரீட்சையில் நோயாளி வேஷம் போட்டு வருவார்களே, அதுபோலத்தான் இதுவும் என்று நினைக்காதே. அங்கே அவருக்கு எழுதிக் கொடுத்த கதை உண்டு, உனக்கு மார்க் உண்டு. இங்கே எதிரில் நிற்பவர் அடுத்து என்ன சொல்வார் என்று யாருக்கும் தெரியாது. வார்டும் அப்படித்தானே!

நீ சொன்னதில் எனக்குப் பிடித்தது, எதிராளி முடிக்கிற சொல்லில் நாம் தொடங்க வேண்டும் என்கிற ஆட்டம். அட, நம்ம அந்தாதி! கடைசிச் சொல் காதில் விழும்வரை வாயைத் திறக்க வழியில்லை. 1984-ல் பெக்மன், ஃபிராங்கல் என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் செய்த ஆய்வில், நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கே புகுந்துவிட்டாராம். நம் ஊர் ஓ.பி.யில் யாரும் கடிகாரம் வைத்துப் பார்க்காதவரை நல்லது.

கண்ணாடி ஆட்டமும் லேசுப்பட்டதில்லை. முன்னால் செய்பவர் வேகமாக ஆட்டினால் எதிரில் இருப்பவர் தடுமாறுவார். குற்றம் வேகமாக ஆட்டியவர் மேல்தான். மாத்திரை எப்போது போட வேண்டும் என்று விளக்கும்போது இதை நினைத்துக்கொள்.

'ஆமாம்' சொல்லி, அதன்மேல் ஒன்று சேர்த்துப் பேசச் சொல்கிறார்கள், நோயாளி தப்பாகச் சொன்னாலும் தலையாட்டணுமா என்று கேட்டாய். வேண்டாம். நான் ஆண்கள் சர்ஜரி வார்டில் வேலையில் இருந்தபோது, சர்க்கரைப் புண்ணோடு ஒரு பெரியவர். மறுநாள் கால் விரலை எடுக்க வேண்டும். "பசு கன்னு போடற நேரம், நான் போகணும்" என்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். ஹவுஸ் சர்ஜன் பையன், "உசுரு முக்கியமா, மாடு முக்கியமா?" என்றான். "மாடுதான்" என்றார் அவர், பளிச்சென்று. அதற்குமேல் அவனுக்குப் பேச ஒன்றுமில்லை.

பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த ஆயா திரும்பாமலே கேட்டாள்: "தலைச்சன் ஈத்தாண்ணே?"

"ஆமா தாயி. வீட்ல மருமவ மட்டுந்தான். அவளுக்குப் பழக்கமில்ல."

"அப்போ கூடமாட யார வரச் சொல்லலாம்?"

அவர் உட்கார்ந்துவிட்டார். மச்சான் பெயரைச் சொன்னார். ஊருக்குத் தகவல் அனுப்பினோம். ஆபரேஷனுக்குக் கைநாட்டு வைத்தார். ஆயா அவரைப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவர் கொண்டுவந்த மாட்டை வார்டுக்குள்ளே விட்டாள், அவ்வளவுதான்.

இந்தப் பயிற்சியால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அக்கறை இருப்பதுபோல முகம் வைத்துக்கொள்ள மட்டும் பழகுகிறவர்களும் இருப்பார்கள். படுத்திருப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். பயிற்சியும் கொடுத்துவிட்டு, ஆளுக்கு ஐந்து நிமிஷத்தில் பார்த்து அனுப்பு என்று விரட்டினால், அந்தக் குற்றம் உங்கள் மேலிடத்துடையது. அதையும் அங்கே கேள்.

சனிக்கிழமை போய்வந்து போன் பண்ணு. அந்தாதி ஆட்டத்தை அப்பாவோடு ஆடிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடுகிறாரா பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா