ரேஞ்ச் ஃபைண்டர் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் காட்டுயிர் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் கடைக்கு வந்து, எங்களிடம் வாங்கிய லேசர் ரேஞ்ச் ஃபைண்டரை (லேசர் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரம் சொல்லும் கைக்கருவி) மேசைமேல் வைத்தார். "பெட்டியில 1000 மீட்டர்னு போட்டிருக்குங்கண்ணா. முதுமலைல 300 மீட்டர்ல நின்ன கடமானுக்கே வெறும் கோடுதான் காட்டுது. மாத்திக் குடுங்க" என்றார். மொட்டை மாடிக்கு எடுத்துப்போய், தூரத்தில் தெரிந்த வெள்ளைத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து அழுத்தினோம். பட்டென்று 640 என்று வந்தது. கருவியில் ஒரு பழுதும் இல்லை. விற்கும்போது நாங்கள் சொல்லாமல் விட்டதுதான் குறை. அதைச் சரிசெய்யவே இந்த மடல்.

முதலில் ஒரு விஷயம். இந்தக் கருவிகளில் பல அமெரிக்கா, நியூசிலாந்து போன்ற நாடுகளின் வேட்டைக்காரர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இங்கே இதை வாங்குபவர்கள் கோல்ஃப் ஆடுபவர்களும், மான், காட்டுமாடு கணக்கெடுப்பில் இருப்பவர்களும்தான். ஆனால் பெட்டியில் அச்சடித்திருப்பது வேட்டைக்காரருக்குச் சொன்ன கணக்கு. அவருக்கு 500 மீட்டரில் 20 மீட்டர் தப்பாகத் தெரிந்தால் குண்டு ஏறத்தாழ ஒரு சாண் தள்ளிப் படும், விலங்கு காயத்தோடு ஓடிவிடும். அதனால்தான் அங்கே இதன் நம்பகத்தன்மையைப் பற்றி அவ்வளவு பேசுகிறார்கள். அவர்கள் கண்டறிந்ததில் நமக்கும் உதவுவது நிறைய.

பெட்டியின் முகப்பில் இருக்கும் பெரிய எண், ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும் பொருளுக்கு மட்டும். சாலைப் பலகை, வெள்ளைச் சுவர் போன்றவை. மரத்துக்கு அது குறையும், மானுக்கு இன்னும் குறையும். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் சில நிறுவனங்கள் மூன்றையும் தனித்தனியே சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். மானுக்கான எண் முகப்பு எண்ணில் பாதிகூட இல்லாத மாடல்கள் உண்டு. கடமானின் கரும்பழுப்புத் தோல் ஒளியை விழுங்கிவிடும். உச்சி வெயிலில் திரும்பி வரும் சன்னமான ஒளி, வெயிலின் ஒளியில் மூழ்கிப்போகும். அதிகாலையில் அளந்த அதே மரம் மதியம் அளக்க மறுத்தால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம்.

கோடு காட்டினால்கூடப் பரவாயில்லை, அளக்கவில்லை என்று தெரிந்துவிடும். தப்பான எண்ணைத் தெளிவாகக் காட்டுவதுதான் ஆபத்து. ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத்தான் இது தூரம் சொல்கிறது. ஒரு மீட்டர் போய்வர ஆகும் நேரம், ஒரு நொடியை 100 கோடியாகப் பிரித்தால் அதில் 7 பங்கு. அதையே அளந்துவிடுகிற கருவிக்கு, ஒளி எதில் பட்டுத் திரும்பியது என்பது மட்டும் தெரியாது. லேசர் என்றால் ஊசி போல ஒரே கோடாகப் போகும் என்று நினைக்கிறோம். இல்லை, விரிந்துகொண்டே போகும். பல மாடல்களில் 100 மீட்டரில் 20 செ.மீ., 500 மீட்டரில் ஒரு மீட்டர் அகலம். ஒரு மீட்டர் என்பது புள்ளிமானின் தோள் உயரத்துக்கும் மேல்!

முதுமலையில் உண்ணிச்செடி எப்படி மண்டிக் கிடக்கிறது என்று போனவர்களுக்குத் தெரியும். மான் 60 மீட்டரில் நிற்கும், இடையில் ஒரு உண்ணிக் கிளை 22 மீட்டரில் நீட்டிக்கொண்டிருக்கும். கருவி 22 என்று சொல்லும். நீங்களும் குறித்துக்கொள்வீர்கள். இதற்குத்தான் அருகில் உள்ளதை எடு, தொலைவில் உள்ளதை எடு என்று இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. கோல்ஃபில் கொடிக்கம்பத்தைப் பிடிக்க முதலாவது, காட்டுக்கு இரண்டாவது. எங்களிடம் வாங்கிய சில கருவிகள் கோல்ஃப் அமைப்பிலேயே உங்கள் கைக்கு வந்திருக்கும், மாற்றிவிடுங்கள். அப்புறம், மானை அளக்கவே முயல வேண்டாம். அது நின்ற இடத்தை ஒட்டிய அடிமரத்தை மூன்று தடவை அளங்கள். மூன்றும் ஒத்துவந்தால் எழுதுங்கள்.

கருவிக்குள் பார்க்கும்போது நடுவில் தெரியும் குறியும், லேசர் ஒளியும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்பதையும் சோதித்துப் பாருங்கள். வானம் மட்டும் பின்னணியாக இருக்கும் ஒரு மின்கம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 100 மீட்டருக்கு மேல் இருக்கட்டும். கருவியை முக்காலியில் வைத்து, பட்டனை அழுத்தியபடி இடப்பக்கத்திலிருந்து மெல்ல நகர்த்தி வாருங்கள். குறி கம்பத்தைத் தொடுவதற்கு முன்பே எண் வந்துவிட்டால், ஒளி வலப்பக்கம் தள்ளி விழுகிறது என்று அர்த்தம். வலமிருந்தும் அதேபோல் செய்து பாருங்கள். கம்பத்தின் உச்சியில் மேலிருந்து கீழாகவும் ஒரு தடவை. எவ்வளவு தள்ளி என்று தெரிந்துவிட்டால் அதற்கேற்பக் குறிவைக்கலாம். கீழே விழுந்த கருவிக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

இனி, எங்களை உண்மையிலேயே வருந்த வைத்த ஒன்று. ஒரு கணக்கெடுப்புக் குழு மூன்று நாள் காலையில் நடந்து எடுத்த தூரங்கள் எல்லாம் யார்டில் இருந்தன. நாங்கள் கொடுத்த கருவி யார்டில் வந்ததைக் கவனிக்காமல் கொடுத்துவிட்டோம். 100 யார்டு என்பது 91.44 மீட்டர்தான். யார்டு எண்ணை மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் தூரம் கூடிவிடும். நேர்கோட்டில் நடந்து, கண்ணில் படும் விலங்குகளின் தூரத்தைக் குறித்து எண்ணிக்கையை மதிப்பிடும் நேர்கோட்டுப் பாதைக் கணக்கெடுப்பில் தூரம் கூடினால் அடர்த்தி குறையும். சதுர கிலோமீட்டருக்கு 40 மான் உள்ள இடத்தில் 36, 37 என்று வந்துவிடும். நல்லவேளையாக அவர்களே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டார்கள். இப்போது ஒவ்வொரு கருவியையும் மீட்டருக்கு மாற்றி, 100 மீட்டர் ஓடுதளத்தில் சரிபார்த்த பிறகே கொடுக்கிறோம். இருந்தாலும் திரையில் 'எம்' இருக்கிறதா, 'ஒய்' இருக்கிறதா என்று தினமும் காலையில் ஒரு பார்வை பாருங்கள்.

மலைச்சரிவில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 30 பாகைச் சரிவில் 100 மீட்டர் என்றால் கிடைமட்டத்தில் 87 மீட்டர்தான். கணக்கெடுப்புக்கு வேண்டியது கிடைமட்டத் தூரம். சில வேட்டை மாடல்கள் குண்டின் வீழ்ச்சியையும் சேர்த்து வேறொரு எண் காட்டும், அதை எடுக்காதீர்கள். உங்கள் மாடலில் எது எந்த எண் என்று சந்தேகம் இருந்தால் திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள், சொல்கிறோம்.

நம் காடுகளில் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்தான் விலங்கைப் பார்க்கிறோம். அதற்கு 2000 மீட்டர் மாடல் தேவையில்லை. ஒளி குறைவாக விரியும், தொலைவில் உள்ளதை எடுக்கும் அமைப்பு உள்ள சிறிய மாடலே போதும். விலை கூடியதை வாங்க வருபவர்களிடமும் இதைத்தான் சொல்கிறோம்.

அந்த மாணவர் கருவியை மாற்றவில்லை, அதையே எடுத்துக்கொண்டு போனார். உங்கள் கருவியையும் கொண்டு வாருங்கள். எங்கே வாங்கியதாக இருந்தாலும் சரி, சனிக்கிழமை காலையில் கம்பச் சோதனை செய்து காட்டுகிறோம். கட்டணம் கிடையாது. பேட்டரி மட்டும் புதிதாகப் போட்டுக் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
கடை நிர்வாகத்தார்,
கோயம்புத்தூர்