எல்லை ஊர்களிலும் கல்ச்சர் வசதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேரள–தமிழ்நாடு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் ஒரு சிறிய லாபில் வேலை பார்க்கிறேன். நீர்க்கடுப்போடு வருகிறவர்களின் சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது அதில் உள்ள கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு, பாலக்காட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்பிவைக்கிறோம். அதுதான் என் மனக்குறை. சிறுநீரை எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி வளர்க்கும் பிளேட்டில் போட வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வேலந்தாவளம் வழியாக வெயிலில் பஸ் ஏறிப் போகும் டப்பாவுக்குள் கிருமி பெருகிக்கொண்டே போகும். ஒரு மில்லி சிறுநீரில் 1 லட்சம் கிருமி இருந்தால் தொற்று என்பது பொதுவான கணக்கு. தாமதமானால் அந்த எண்ணிக்கையை எப்படி நம்புவது?

இத்தனைக்கும் இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், கிருமியை வளர்க்க 37 டிகிரியில் நிற்கும் இன்குபேட்டர், கிருமிக்கு உணவாகும் கூழான மெக்கான்கி அகார் இருந்தாலே ஆரம்பித்துவிடலாம். அந்த அகாரில் உள்ள பித்த உப்பும் கிரிஸ்டல் வயலட்டும் கிராம் சாயச் சோதனையில் ஊதாவாகத் தெரியும் கிராம் பாசிட்டிவ் கிருமிகளைப் பெரும்பாலும் வளரவிடாது. அதே சோதனையில் சிவப்பாகத் தெரியும் கிராம் நெகட்டிவ் கிருமிகள் வளரும், வளரும்போதே தங்களைக் காட்டிக்கொடுக்கும். ஈ.கோலை என்ற கிருமி அகாரில் உள்ள லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைப் புளிக்கவைத்து அமிலம் உண்டாக்குவதால், அதில் கலந்த நியூட்ரல் ரெட் சாயம் காலனியை, அதாவது கிருமிக் கூட்டத்தை, இளஞ்சிவப்பாக்கிவிடும். கிளெப்சியெல்லாவும் அதே நிறம்தான், ஆனால் கொழகொழவென்று இருக்கும். சால்மோனெல்லா, புரோட்டியஸ், சூடோமோனாஸ் எல்லாம் நிறமில்லாமல் வரும். மலத்தில் சால்மோனெல்லாவைத் தேட எக்ஸ்.எல்.டி. என்ற இன்னொரு வகை அகார் இருக்கிறது, அதில் சிவப்புக் காலனியின் நடுவே கறுப்புப் புள்ளி தெரியும். காலையில் இன்குபேட்டரைத் திறந்து அந்த நிறங்களைப் பார்ப்பது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான். நிறம் மட்டும் போதாது, உறுதிசெய்ய வேறு சோதனைகளும் வேண்டும். ஆனாலும் மறுநாளே டாக்டருக்கு ஒரு திசை கிடைத்துவிடும்.

எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க இன்னொரு நாள் ஆகும். ரிசல்ட்டுக்கு ஏன் இரண்டு மூன்று நாள் என்று கோபப்படுகிறவர்கள் தயவுசெய்து இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆன்டிபயாடிக் மாத்திரையை விழுங்கிவிட்டு மறுநாள் சிறுநீர் கொடுத்தால் பிளேட்டில் ஒன்றுமே வளராமல் போகலாம். முதல் மாத்திரைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

கிருமிகள் ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாமல் போவதைத் தடுக்க 2018இலேயே செயல்திட்டம் கொண்டுவந்த மாநிலம் கேரளா. அந்த அக்கறை எங்கள் எல்லை ஊர்களுக்கும் வர வேண்டும். இரு மாநில சுகாதாரத் துறைகளும் எல்லைத் தாலுகா ஒவ்வொன்றிலும் ஒரு கல்ச்சர் அறை அமைத்து, பயிற்சி பெற்ற ஒரு டெக்னீஷியனையும் நியமிக்கட்டும். அதுவரைக்கும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் கொண்டுபோக ஒரு வண்டியாவது ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு லாப் டெக்னீஷியன்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.